டைல்ஸ் போட்ட லயம்

இசபெல் சித்தி நுவரெலியா டவுனில் வீடு வாங்கியதைப் பற்றி எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இரண்டு கட்சி உண்டு. அவர் பங்களா வாங்கியிருக்கிறார் என்பது ஒரு கட்சி. நுவரெலியாவுக்குப் போயும் லயத்தைத்தான் வாங்கியிருக்கிறார் என்பது மற்றது. இரண்டாவது கட்சியைத் தொடங்கி வைத்தவர் எங்கள் அம்மா மீனம்மா. அதனால் நான் எந்தப் பக்கம் என்று யாரும் கேட்பதில்லை. ஆனாலும் இங்கே இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக, நடந்ததை நடந்தபடி எழுதப் பார்க்கிறேன்.

சித்தி எங்களுக்குச் சொந்தக்காரர் இல்லை. தலவாக்கலைக்கு மேலே எங்கள் தோட்டத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாக அறைகள் கட்டிய ஒரே லயத்தில் அவர்கள் காம்பராவும் எங்கள் காம்பராவும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. நடுவில் ஒரு சுவர். அந்தச் சுவரும் கூரை வரைக்கும் போகாது. அவர்கள் வீட்டில் கருவாடு பொரித்தால் எங்கள் வீட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்காரலாம். அப்படி இருந்தால் சித்தி என்று கூப்பிடாமல் வேறு எப்படிக் கூப்பிடுவது?

அவர் மிட்வைஃப். எங்கள் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டிய தொழிலாளியின் மகள் படித்துப் பயிற்சி முடித்து, நுவரெலியாவில் அரசாங்க வேலைக்குப் போனது அந்தக் காலத்தில் பெரிய சங்கதி. டவுனில் அவரை 'மிஸ்ஸி' என்பார்கள். ஒரு கையில் குடையும் மறு கையில் குழந்தைகளை நிறுக்கும் தராசுப் பையுமாக வீடு வீடாகப் போவார். பிள்ளை பெற்றவர்களைத் திட்டுவார், பிள்ளையைக் கொஞ்சுவார். சாயந்தரம் தலவாக்கலை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, அங்கிருந்து கணவர் சுகந்தன் சித்தப்பாவின் ஆட்டோவில் தோட்டத்துக்கு ஏறுவார். மகள் அனோஜா கண்டியில் தங்கிப் படித்தாள்.

டவுனில் ஒரு வீடு வேண்டும் என்று சித்தி சொல்லிக்கொண்டே இருந்ததற்கு பஸ் ஒரு காரணம். ஆனால் பஸ்ஸுக்குப் பயந்தவர்கள் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வீடு தேடுவார்கள். சித்தி தேடியது குதிரைப் பந்தயத் திடலுக்கு மேலே ஏறும் வீதியில். அங்கே பாதி வீடுகள் கொழும்புக்காரர்களுடையவை. ஏப்ரல் சீசனுக்கு மட்டும் திறப்பார்கள். மற்ற மாதங்களில் பூஞ்செடிகளும் வாட்சர்மாரும்தான் அங்கே குடியிருப்பார்கள்.

அந்த வீதியில் ஒரு வீட்டுக்குப் பிள்ளையை நிறுக்கப் போனபோது, பக்கச் சுவரில் இருந்த ஜன்னல் வழியாக வெயில் உள்ளே வந்து கட்டில் மேல் கிடந்ததாம். அதைப் பார்த்துக்கொண்டு பிள்ளையின் நிறையை எழுத மறந்துவிட்டாராம். இதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு லயத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். லயத்தில் நடுவில் இருக்கும் காம்பராக்களுக்கு இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். வெளிச்சம் முன்பக்கத்தால் மட்டும் வரும். கடைசியில் இருப்பதைத் தொங்கல் காம்பரா என்போம். அதற்குத்தான் பக்கச் சுவரில் ஜன்னல் வைக்கலாம், பக்கத்தில் நாலு கத்தரிச் செடி நடலாம். எங்கள் லயத்தில் தொங்கல் காம்பரா பழைய கங்காணி குடும்பத்திடம் இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது. சித்தி பிறந்ததும் நடு, கல்யாணம் கட்டிப் போனதும் நடு.

வீதியைக் காட்டி வீடு கேட்டபோது புரோக்கர் நல்லமுத்து முதலில் சிரித்தார். ஒரு மாதம் கழித்து அவரே தேடி வந்தார். வந்தவர் எங்கள் இஸ்தோப்பில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தார். இஸ்தோப்பு என்பது லயத்தின் முன் விறாந்தை. அங்கே பேசினால் லயம் முழுக்கப் பேசிய மாதிரி.

"மிஸ்ஸி, நீங்க கேக்குற தெருவுல ஒரு வீடு வாங்க உங்களுக்கு வசதி பத்தாது," என்றார். "மூணு வீடுன்னா பத்தும்."

சுகந்தன் சித்தப்பா அதிகம் பேசமாட்டார். அன்றைக்குப் பேசினார். "அண்ணே, ஒன்னு வாங்க முடியாதவன் மூணு வாங்கலாம்னு எந்தப் பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தாங்க?"

"பள்ளிக்கூடத்துல இல்ல தம்பி, பேங்க்ல," என்றார் நல்லமுத்து.

பிறகு விளக்கினார். ஒரு பெரியவர் தன் நீளமான வீட்டை மூன்று மகன்மாருக்கும் மூன்றாகப் பிரித்துக் கொடுத்திருந்தார். ஒவ்வொன்றுக்கும் தனி வாசல், தனிக் குசினி, தனிக் குளியலறை. மகன்மார் மூவரும் வெளிநாடு போய்விட்டார்கள். மூன்றையும் சேர்த்து வாங்கினால்தான் தருவார்கள். கொழும்புக்காரர்களுக்குப் பெரிய ஹோல் வேண்டும், அதனால் அவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றையும் வாங்கி ஒன்றில் நாம் இருந்துகொண்டு மற்ற இரண்டையும் வாடகைக்கு விட்டால், அந்த வாடகையே வங்கிக் கடனின் பெரும் பங்கைக் கட்டிவிடும். மிச்சத்துக்குச் சித்தியின் சம்பளம் போதும்.

"அந்தக் கடைசி வீட்டுக்குப் பக்கச் செவுத்துல ஜன்னல் இருக்கா?" என்று சித்தி கேட்டார்.

"ரெண்டு இருக்கு."

அதற்குப் பிறகு நல்லமுத்து விளக்கியது எதுவும் சித்தியின் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

நகையை விற்று, கடன் எடுத்து, வீட்டை எழுதி முடித்த அன்றைக்குச் சித்தி ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு வந்தார். எங்கள் அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"ஏன்டி இசபெல், இது எந்தத் தோட்டத்து லயம்?"

"லயமா? வீடுக்கா இது. நம்ம வீடு."

"ஒரே கூரை. வரிசையா மூணு கதவு. மூணு இஸ்தோப்பு. நடுவுல செவுரு. நான் பொறந்ததுலேருந்து இத லயம்னுதான் சொல்றேன்."

"அக்கா, கீழ பாருங்க. தரை முழுக்க டைல்ஸ்."

"சரி. டைல்ஸ் போட்ட லயம்."

அந்தப் பெயர் அன்றைக்கே லயத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய்விட்டது. சித்திக்குக் கோபம்தான். ஆனால் படத்தை எடுத்து எடுத்துப் பார்த்ததில் அவருக்கே கொஞ்சம் சந்தேகம் வந்திருக்கும். அடுத்த முறை காட்டும்போது பக்கத்து ஜன்னலை மட்டும் எடுத்த படத்தைத்தான் காட்டினார்.

வீதியோரமாக இருந்த கடைசி வீட்டைச் சித்தி தனக்கு வைத்துக்கொண்டார். அதற்குத்தான் வாடகை கூடுதலாகக் கிடைக்கும் என்று நல்லமுத்து சொல்லிப் பார்த்தார். "தொங்கல் காம்பராவ வாடகைக்கு விட்டுட்டு நான் நடுவுல இருக்கவா நகைய வித்தேன்?" என்று சித்தி ஒரே வார்த்தையில் முடித்தார். மறு கோடி வீட்டில் ரணசிங்க மாத்தயா ஏற்கெனவே குடியிருந்தார். மாத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா. ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர், தனி ஆள். எத்தனையோ வருஷம் ரயில் சத்தத்தில் இருந்து காது மந்தமாகிவிட்டது. மாதம் பிறந்தால் வாடகையை உறையில் போட்டு நீட்டிவிடுவார். நடு வீட்டுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த துஷாந்தும் மனைவி லோஜினியும் கைக்குழந்தையோடு வந்தார்கள்.

புது வீதியில் சித்திக்குக் கிடைத்த முதல் மரியாதையைச் சித்தப்பாதான் சொன்னார். எதிர் வீட்டுக் கொழும்பு அம்மா சீசனுக்கு வந்தவர், சித்தி வாசல் கூட்டுவதைப் பார்த்து, இந்த வீட்டுக்காரர்கள் எப்போது வருவார்கள் என்று சிங்களத்தில் கேட்டாராம். வந்துவிட்டார்கள் என்று சித்தி சொன்னாராம். எங்கே என்று அந்த அம்மா எட்டிப் பார்த்தாராம். சித்தி விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு, மூன்று வாசலையும் ஒவ்வொன்றாகக் காட்டி, மூன்றும் என்னுடையது என்றாராம். மறுநாள் அந்த அம்மா ஒரு தட்டில் கேக் அனுப்பினார். அந்தத் தட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது எதை வைத்துக் கொடுப்பது என்று சித்தி ஒரு வாரம் யோசித்தார்.

இனி நான் சொல்லப்போவது சுவரைப் பற்றியது.

லயத்தில் நாங்கள் சுவரைத் தட்டுவோம். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, பிறந்ததிலிருந்து காதில் விழுவதுதான். வேலை விட்டு வந்ததும் ஒரு தட்டு தட்டினால் 'வந்துட்டேன், நீங்க எப்படி?' என்று அர்த்தம். அந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு தட்டு வரும், அல்லது 'தேத்தண்ணி ஊத்தியாச்சு, வா' என்று குரல் வரும். குழந்தை விடாமல் அழுதால் பக்கத்து வீட்டுக்காரி தட்டுவாள். 'நான் முழிச்சுத்தான் இருக்கேன், வரவா?' என்று அர்த்தம். அதிலும் பக்கத்து வீட்டில் ஒரு மிட்வைஃப் இருந்தால் சொல்லவே வேண்டாம். நானும் என் தங்கையும் அழுத அழுகைக்கு எங்கள் வீட்டுச் சுவரில் அந்த இடம் வழுவழுப்பாகவே போய்விட்டது.

நுவரெலியா வீட்டுச் சுவர் கூரையைத் தொடுகிறது என்பதைத் தவிர சித்திக்கு வேறு வித்தியாசம் தெரியவில்லை. வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றியதும் நடு வீட்டுச் சுவரில் ஒரு தட்டு. பதில் வரவில்லை. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள், கூச்சம் என்று நினைத்துக்கொண்டார். குழந்தை அழுதால் ஒரு தட்டு. தட்டியதும் அழுகை நின்றுவிடும்.

"பாத்தீங்களா? தட்டுனதும் புள்ள அடங்கிருச்சு," என்று சித்தப்பாவிடம் பெருமையாகச் சொன்னார். "கைராசி."

"செவுத்துக்கு அங்கிட்டு வரைக்குமா போகுது ஒங்க கைராசி?" என்றார் சித்தப்பா.

கொஞ்ச நாளில் நடு வீட்டில் பாட்டுக் கேட்பது நின்றது. பிறகு நடக்கும் சத்தமும் நின்றது. பாத்திரம் விழும் சத்தம்கூட இல்லை. முதலில் சித்தி, "தங்கமான புள்ளைங்க, இருக்கிறதே தெரியல," என்று எல்லாரிடமும் சொன்னார். பிறகு அவருக்குப் பயம் வந்தது. லயத்தில் ஒரு காம்பராவில் சத்தம் இல்லை என்றால் ஒன்று காய்ச்சல், அல்லது புருஷன் பெண்சாதி சண்டை. மிட்வைஃப் அல்லவா, புதிதாகப் பிள்ளை பெற்ற பெண் மனம் சோர்ந்துபோய் இருக்கிறாளோ என்ற கவலையும் சேர்ந்துகொண்டது. அதனால் இன்னும் அடிக்கடி தட்டினார். அவர் தட்டத் தட்ட அங்கே சத்தம் குறைந்தது. சத்தம் குறையக் குறைய இவர் தட்டினார்.

ஆடி மாத மழையில் ஒரு நாள் லோஜினி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, மாத முடிவில் வேறு வீடு போவதாகச் சொன்னாள். காரணம் கேட்டதற்கு, "ஒண்டுமில்லை அன்ரி, அவருக்குக் கந்தோர் கிட்டவா இருக்கும்," என்றாள். துஷாந்தின் ஆபீசுக்கு இந்த வீட்டிலிருந்து நடந்தே போகலாம்.

சித்தி அன்றைக்குச் சாப்பிடவில்லை. சீசன் முடிந்து மழை தொடங்கிய பிறகு நுவரெலியாவில் வீடு தேடி யாரும் வரமாட்டார்கள். நடு வீடு சும்மா கிடந்தால் வங்கிக்குக் கட்ட முடியாது. கட்டாவிட்டால் வங்கி எத்தனை மாதம் பொறுக்கும் என்பது அவருக்குத் தெரியும். விற்க வேண்டி வந்தால் மூன்று வாசலும் போய், திரும்பவும் தலவாக்கலை பஸ். அதைவிட, தோட்டத்துக்குத் திரும்பிப் போனால் அங்கே எங்கள் அம்மா இருப்பார்.

காரணத்தை அவரே கண்டுபிடிக்கப் பார்த்தார். சுடுதண்ணி வரவில்லையோ என்று ஆள் பிடித்துப் பார்த்தார். ஈரம் கசிகிறதோ என்று சுவரைத் தடவிப் பார்த்தார். மீன் குழம்பு வைத்துச் சித்தப்பாவிடம் கொடுத்தனுப்பினார். பாத்திரம் பனங்கட்டியோடு திரும்பி வந்தது. முடிவு மட்டும் மாறவில்லை.

"கேட்டுப் பாக்கிறதுதானே?" என்றார் சித்தப்பா.

"கேட்டேனே. ஒன்னுமில்லங்கிறாளே."

"ஒன்னுமில்லங்கிறதுக்கு யாராச்சும் வீடு மாறுவாங்களா?"

"அதான் எனக்கும் வெளங்கல."

அந்தச் சனிக்கிழமை அம்மாவும் நானும் நுவரெலியாவுக்குப் போனோம். தோட்டத்து வல்லாரையும் போஞ்சியும் ஒரு பை நிறைய. சித்தி கிளினிக்கிலிருந்து இன்னும் வரவில்லை, சித்தப்பா ஆட்டோவில் போயிருந்தார். மழை சாய்த்து அடித்தது. இஸ்தோப்பில் நனைந்துகொண்டு நின்ற எங்களை லோஜினி கூப்பிட்டு உள்ளே உட்கார வைத்தாள். நல்ல பெண். ஆனால் ரகசியம் பேசுகிற மாதிரிதான் பேசினாள். கதவைச் சாத்தும்போது கைப்பிடியைப் பிடித்து மெதுவாக விட்டாள். மற்றப் பக்கச் சுவருக்கு அப்பால் ரணசிங்க மாத்தயாவின் டீவியில் யாரோ ஒரு பெண் சிங்களத்தில் அழுதுகொண்டிருந்தாள். நாங்கள் அந்த நாடகத்தின் நடுவிலேயே உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது.

சித்தி வந்த சத்தம் கேட்டது. குடையை உதறினார். பிறகு சுவரில் வழக்கமான தட்டு.

லோஜினியின் முகம் மாறிவிட்டது. மடியில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு குசினிப் பக்கம் ஓடப் பார்த்தாள். அதற்குள் எங்கள் அம்மா, பழக்கம் விடுமா, உட்கார்ந்த இடத்திலிருந்தே கையால் சுவரில் ஓங்கி ஒரு குத்து விட்டு, "இங்கதான்டி இருக்கேன், தேத்தண்ணிய ஊத்து," என்று கத்தினார்.

"அக்காவா? எப்ப வந்தீங்க?" என்று அந்தப் பக்கத்திலிருந்து சித்தியின் சந்தோஷக் குரல் வந்தது.

லோஜினி குசினி வாசலில் நின்றுவிட்டாள். "அன்ரி, நீங்கள் என்னண்டு அவவுக்குத் திருப்பி அடிக்கிறியள்?"

"ஏன்? அவ தட்டுனா, நான் தட்டுனேன்."

"அவ ஏசுறா எல்லோ?"

"யாரு ஏசுறா?"

"நாங்கள் சத்தம் போடுறம் எண்டுதானே சுவரிலை அடிக்கிறா? வந்த நாளையிலிருந்து அடிக்கிறா. பிள்ளை அழுதாலும் அடிக்கிறா. நான் ரேடியோ போடுறேல்லை. அவர் வீட்டுக்குள்ளை காலுறை போட்டுக்கொண்டுதான் நடக்கிறவர். பிள்ளை அழத் தொடங்கினா குசினிக்குக் கொண்டு ஓடி, ரெண்டு கதவையும் பூட்டிப்போட்டு நிக்கிறன். அதுக்கும் அடிக்கிறா. இன்னும் என்னண்டு அன்ரி சத்தம் போடாமல் இருக்கிறது? மூச்சு விடாமல் இருக்க ஏலுமே?"

அம்மா அவளையே பார்த்தார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பு நிற்கவில்லை. நானும் சிரித்துவிட்டேன். லோஜினிக்குக் கோபம் வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. ஆனால் அம்மா எழுந்து அவளைக் கையைப் பிடித்து உட்கார வைத்து, தட்டுவதற்கு எங்கள் பக்கத்தில் என்ன அர்த்தம் என்று சொன்னார். லோஜினி நம்பவில்லை. அம்மா சுவரில் மறுபடி தட்டினார். "எப்படிடி இருக்க?" என்று கேட்பது அது என்றார். உடனே அங்கிருந்து தட்டு வந்தது. "நல்லா இருக்காளாம்," என்றார் அம்மா.

இதற்குள் சித்தி ஒரு தட்டில் தேத்தண்ணிக் கோப்பைகளோடு வாசலில் நின்றார். விஷயம் புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. புரிந்ததும் தட்டைக் கீழே வைத்துவிட்டு நெற்றியில் கையை வைத்துக்கொண்டார்.

"நான் தட்டுனதும் புள்ள அடங்குனது..."

"நான்தான் அன்ரி வாயைப் பொத்திக்கொண்டு ஓடினனான். என்ரை வாயை," என்று லோஜினி அவசரமாகச் சொன்னாள், மிட்வைஃப் தப்பாக நினைத்துவிடக் கூடாதே என்று.

"கைராசி," என்றார் அம்மா.

இவ்வளவோடு முடிந்திருந்தால் நல்ல கதை. துஷாந்த் வேலை முடிந்து வந்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு முதல் வேலையாகக் காலுறையைக் கழற்றினான். புது வீட்டுக்கு இன்னும் அட்வான்ஸ் கொடுக்கவில்லை என்றான். சித்தியின் முகம் மலர்ந்தது. அப்போது லோஜினி, "ஆனா அன்ரி," என்று தொடங்கினாள். பேச ஆரம்பித்தால் அவளும் நன்றாகவே பேசுகிறவள்தான்.

சித்தி தட்டுவது இனிப் பிரச்சினையில்லை. ஆனால் மற்றப் பக்கத்தில் ரணசிங்க மாத்தயாவின் டீவி இருக்கிறது. விடிந்ததும் பௌத்தர்களின் பிரித் ஓதுவதில் தொடங்கி, படுக்கும் வரைக்கும் நாடகம். பிள்ளை கண் மூட முடியவில்லை. தாங்களே சத்தம் போடுவதாகப் பேச்சு வாங்கும்போது அடுத்தவரைப் பற்றி எப்படி முறைப்பாடு சொல்வது என்று இத்தனை நாளும் வாயைத் திறக்கவில்லை. நடு வீட்டில் இருக்க முடியாது.

"உங்கட கரை வீட்டைத் தந்தியள் எண்டா நாங்கள் நிப்பம். வாடகை கொஞ்சம் கூட்டித் தரலாம். பிள்ளைக்கும் வெயில் படும். நீங்கள்தானே அன்ரி கிளினிக்கிலை சொன்னனீங்கள், பிள்ளைக்குக் காலமை வெயில் காட்டச் சொல்லி."

சித்தி தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே இருந்தார். கோப்பையில் தேத்தண்ணி முடிந்து நேரமாகிவிட்டது.

"நான் மாத்தயாகிட்ட பேசுறேன்," என்று எழுந்து போனார்.

அவர் போனதை நாங்கள் நடு வீட்டிலிருந்து கேட்டோம். வேறு வழியில்லை, எல்லாம் கேட்கும். சித்தி சிங்களத்தில், டீவியின் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று கேட்டார். மாத்தயா, வா மகள், இப்போதுதான் தொடங்கியது என்றார். சித்தி மறுபடி கேட்டார். மாத்தயா, மூத்த மருமகள்தான் கெட்டவள், இளையவள் பாவம் என்றார். பிறகு நாற்காலி இழுக்கும் சத்தம், பிஸ்கட் டின் திறக்கும் சத்தம். சித்தி விளம்பரம் வரும்வரை உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வந்தார். கையில் இஞ்சி பிஸ்கட் இருந்தது.

"ரொம்ப நல்ல மனுஷன்," என்றார். "அந்த மூத்த மருமகதான் சரியில்ல."

மாத்தயாவைப் போகச் சொல்ல முடியாது, அவரும் ஒரு வாடகை. சித்தி தன் வீட்டுக்குப் போய்ப் பக்க ஜன்னலைத் திறந்து நின்றார். மழை விட்டிருந்தது. வீதியில் ஒரு கார்கூட இல்லை. எதிர் வீட்டுப் பூஞ்செடிகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அம்மா அவர் பக்கத்தில் போய் நின்றார். கிண்டல் பண்ணப் போகிறார் என்று நான் பயந்தேன். அம்மா பண்ணவில்லை.

"நல்ல ஜன்னல்தான்டி," என்றார்.

"ஆமாக்கா."

"வேற ஆளு வராதா?"

"இந்த மழைக்கு எந்த ஆளு வரும்? வந்தாலும் அந்த டீவிய ஒரு நாள் கேட்டா ஓடிரும். அந்த ரெண்டு செவுத்துக்கும் நடுவுல யாருக்கா இருப்பா?"

கேட்டுவிட்டுச் சித்தியே அம்மாவைப் பார்த்தார். அம்மாவும் சித்தியைப் பார்த்தார். அப்படி இருக்கக் கூடிய ஒரே ஆள் யார் என்பது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியிருக்க வேண்டும்.

"மாறிக்கிறேன்," என்றார் சித்தி. "வீட்ட வச்சுக்கிறதா, ஜன்னல வச்சுக்கிறதான்னு பாத்தா வீடுதான். கட்டி முடிக்கிற வரைக்கும்."

"கட்டி முடிக்க எவ்வளவு காலம்டி?"

"அனோஜாவுக்குப் பேரப்புள்ள பொறக்கிறதுக்குள்ள முடிஞ்சிரும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீடு மாற்றினார்கள். லொறி தேவைப்படவில்லை. ஒரு வாசலால் எடுத்து அடுத்த வாசலால் வைத்தார்கள். கட்டிலைத் தூக்கிக்கொண்டு போன சித்தப்பா, இவ்வளவு கிட்டத்தில் வீடு மாறியவர்கள் உலகத்திலேயே தாங்களாகத்தான் இருக்கும் என்றார். லோஜினி புது வீட்டில் முதல் வேலையாக ரேடியோவைப் போட்டாள். பிள்ளையும் இத்தனை நாள் சேர்த்து வைத்த அழுகையை எல்லாம் அழுது தீர்த்தது. அது கரை வீட்டுச் சுவர் வழியாக வர, மாத்தயாவின் நாடகம் மற்றச் சுவர் வழியாக வர, சித்தி நடுவில் உட்கார்ந்து போஞ்சி நறுக்கினார். வாடகையைக் கூட்டி வாங்க மனம் வரவில்லை, பழைய வாடகையே போதும் என்று சொல்லிவிட்டார். அதற்குச் சித்தப்பா என்ன சொன்னார் என்பதை இங்கே எழுத முடியாது.

அடுத்த மாதம் சித்தப்பா ஒரு வேலையாகத் தோட்டத்துக்கு வந்தார். எப்படி இருக்கிறாள் என்று அம்மா கேட்டார். சித்தப்பா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அக்கா, அந்தக் கரை வீட்டுல இருந்த காலம் முழுக்க அவ சரியாத் தூங்கல. பொரண்டு பொரண்டு படுப்பா. குளிருன்னு சொன்னா. ஒரு பெட்சீட்டு கூடுதலா வாங்குனோம். கட்டில் சரியில்லன்னா, கட்டில மாத்துனோம். இப்ப நடுவுக்கு வந்த அன்னைக்குப் படுத்தவதான், மறுநாள் நான் எழுப்ப எழுப்ப எழும்பல. அங்கிட்டுப் புள்ள அழுவுது, இங்கிட்டு மாத்தயா நாடகம் பாக்குறாரு, இவ நடுவுல கொறட்ட விடுறா. போன ஞாயித்துக்கெழம பூசைக்கே போகல."

"ஜன்னல் இல்லன்னு வருத்தமில்லையா?"

"கேட்டேன். தெரு இருக்குல்லங்கிறா."

தான் தூங்கும் விஷயத்தை லயத்தில் ஒருவரிடமும் சொல்லக் கூடாது என்று சித்தி கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தாராம். சித்தப்பாவும் சொன்ன சொல் தவறாதவர். அவர் எங்கள் அம்மா ஒருவரிடம் மட்டும்தான் சொன்னார்.